மூன்று பாட்டு மூச்சு

9

சின்னக்கண்ணு இருமினான்.

அடுப்படியில் இருந்த சுப்புத்தாய் அடுத்த இருமலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் தூதுவளைக் கஷாயம். ஓடி வந்து மகனின் முதுகைத் தடவினாள்.

"குடிச்சிருப்பா. நாளைக்கு மில்லுக்குள்ள காலு வைக்கப் போற பய. பஞ்சு பறக்குற எடம். இந்த இருமலோட போனா மேஸ்திரி என்ன நெனப்பாரு?"

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரும்மா" என்றான் சின்னக்கண்ணு.

உண்மைதான். அந்த இருமல் எதற்காகப் பிறந்தது, எந்தத் தேதியில் பிறந்தது என்பதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும். திண்டுக்கல்லில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருமுகிறவன் ஒருவன், மேஸ்திரி ஒருவர். மூன்றாவதாக நீங்களும் நானும்.

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வார்த்தை. விடாமல் படித்து வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்ட எரிச்சலை இன்னொரு முறை படுங்கள், குற்றமில்லை.

மலையடிவாரத் தெருப் பையன்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சடுகுடுக் குழு வைத்திருந்தார்கள். பதினெட்டு வயதுச் சின்னக்கண்ணு அதற்குக் கேப்டன். அவனுடைய மாமன் மகன் நாச்சிமுத்து அதற்குப் பலம். மாசித் திருவிழாவில் மில் குழுவோடு கடைசி ஆட்டம் என்று முடிவானபோது, மில் மேனேஜர் நாச்சிமுத்துவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பையனை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்று சொன்னார். இருந்தது ஒரே இடம். அந்த நம்பிக்கையில்தான் நாச்சிமுத்துவுக்கும் சின்னக்கண்ணுவின் தங்கை முத்துப்பேச்சிக்கும் பரிசம் போட்டார்கள்.

ஆனால் மில் குழுவை நடத்துகிற மேஸ்திரிக்குக் கோப்பை மில்லை விட்டுப் போகக்கூடாது. புகையிலைக் கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் சின்னக்கண்ணுவை உட்காரவைத்து அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த நாச்சிமுத்துப் பயலுக்கு எந்தக் காலு பலவீனம்?"

தை மாதம் தோட்டத்துக் கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்து நாச்சிமுத்துவின் இடது முழங்கால் பிசகியிருந்தது. அவனைத் தோளில் தூக்கி வந்தது சின்னக்கண்ணுதான். "மில்லுக்காரங்க காதுக்குப் போயிரும், நம்ம பயலுககிட்டக் கூடச் சொல்லாத மாப்ள" என்று நாச்சிமுத்து கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தக் கையால்தான் சின்னக்கண்ணு டீக் கிளாசைப் பிடித்திருந்தான். "இடது" என்றான்.

கடைசி ஆட்டத்தில் நாலு பேர் நாச்சிமுத்துவின் இடது முழங்காலில் விழுந்தார்கள். முறிந்த சத்தம் கோயில் மைதானத்துக்கே கேட்டது. அப்புறமும் ஒரு தொடல் தொட்டால் வெற்றி என்ற நிலை. கேப்டனே பாடிப் போனான். எதிரிக் களத்தில் பாதிப் பாட்டிலேயே மூச்சு அறுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை நண்பர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். "நெஞ்சுல சளிடா, நாலு நாளா மூச்சு நிக்கல" என்றான். அன்றைக்குப் பிறந்ததுதான் இந்த இருமல்.

காலொடிந்தவனுக்கு வைத்திருந்த வேலை கேப்டனுக்கு வந்தது. "கடைசி வரைக்கும் போராடினவன்" என்று மேஸ்திரியே சிபாரிசு செய்தாராம். நாளைக் காலை ஏழு மணிச் சங்குக்கு அவன் மில் வாசலில் நிற்க வேண்டும்.

கதை இங்கே நிற்கிறது. இனி, இந்த வெள்ளிக்கிழமை நடந்தது.

*

கஷாயத்தைக் குடித்து முடித்த மகனின் வாயைத் துடைத்துவிட்டு, சுப்புத்தாய் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏளா முத்து, அந்தப் பித்தளைக் குடத்தை எடு."

முத்துப்பேச்சி எடுத்து வந்தாள். பரிசத்தன்று நாச்சிமுத்துவின் தாய் பேச்சியம்மாள் கொண்டுவந்து வைத்த குடம். கழுத்தில் பூட்டிய மஞ்சள் கிழங்கு இன்னும் காயக்கூட இல்லை.

"தோட்டத்துக் கெணத்துக்குப் போயி புளி போட்டு வெளக்கிக் கொண்டா. இன்னைக்கே திருப்பிக் குடுத்துரணும்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? ஒங்க அப்பன் மூட்டை தூக்கி இடுப்பு விழுந்து கெடக்காரு, பாத்தேல்ல? ஒரு வீட்டுல ஒரு நொண்டி போதும். அந்த வீட்டுக்கும் ஒன்ன அனுப்பிட்டு நான் ஆயுசு பூரா மாரடிக்கவா?"

"ஒங்க சொந்த அண்ணன் மகம்மா."

"அண்ணன் இருந்தா அவருகிட்ட நான் பேசிக்கிருவேன். போயிட்டாரு." சுப்புத்தாயின் குரல் கொஞ்சம் உடைந்து, உடனே சரியானது. "கட்டுப் போடுற வைத்தியரே சொல்லிட்டாரு, காலு நேராகாதுன்னு. காலொடிஞ்ச ஆட்டை அய்யலூர்ச் சந்தையிலயே கறிக்குத்தான் கேப்பான். வளக்கவா கேப்பான்?"

கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த மொக்கைச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். இடுப்பு விழுந்த மனுஷன். அந்தப் பேச்சில் தனக்கும் பாதி பங்கு உண்டு என்று அவருக்குத் தெரிந்தது.

முத்துப்பேச்சி அண்ணனைப் பார்த்தாள். "நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லுண்ணே. ஒன் கூட்டாளிதான?"

சின்னக்கண்ணு இருமினான்.

"அவனே இருமிக்கிட்டுக் கெடக்கான், அவனப் போயிப் பேசச் சொல்ற" என்று சுப்புத்தாய் மறுபடி செம்பை நீட்டினாள்.

எனக்கு அந்தத் தாயின் மேல் கோபம் இல்லை. அவள் பயந்துபோயிருக்கிறாள். இருமிக்கொண்டே தண்ணீர் வாங்கிக் குடிக்கிறானே, அவன்மேல்தான்.

*

தோட்டத்துக் கிணறு ஊருக்குக் கிழக்கே, கத்தரிக்காய்ச் செடிகளுக்கு நடுவில் இருந்தது. பாதி வரைக்கும் கல்படி. அதற்குக் கீழே கரும்பச்சைத் தண்ணீர்.

சடுகுடுக் குழு மூச்சுப் பழகியது அங்கேதான். முறை இதுதான்: ஒருவன் முங்கி அடியில் போய் மண் எடுக்க வேண்டும். மேலே படியில் குழுவில் ஒருவனான முனீர் உட்கார்ந்து குழுவின் பாட்டைப் பாடுவான். அவனுக்கு நல்ல குரல். வேகமும் கூடாது, மெதுவும் கூடாது, ஒரே சீர். முங்கினவன் எத்தனை பாட்டு தாங்கினான் என்பதுதான் அவன் மூச்சின் அளவு. 'பாட்டு முடியாம எவனும் தலையத் தூக்கக்கூடாது' என்பது கேப்டன் போட்ட சட்டம். பாதியில் எழும்புகிறவன் அன்றைக்கு எல்லோருடைய துணியையும் துவைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பாட்டு, மிஞ்சினால் ஒன்றரை. நாச்சிமுத்து இரண்டு. சின்னக்கண்ணு மூன்று. கேப்டன் ஆனதே அந்த மூச்சால்தான்.

அன்றைக்கும் முனீர் அங்கே குளித்துக்கொண்டிருந்தான். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை. வாரத்துக்கு ஒரு நாள் அங்கே வந்து நாற்றம் போகத் தேய்த்துக் குளிப்பான். முத்துப்பேச்சியும் அவளுக்குத் துணையாகச் சின்னக்கண்ணுவும் வருவதைப் பார்த்து எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டான்.

"வா கேப்டன். நாளைக்கு மில்லு. இனிமே எங்க பக்கமெல்லாம் எட்டிப் பாப்பியா?"

"போடா" என்றான் சின்னக்கண்ணு. சொல்லிவிட்டு இருமினான்.

"இன்னும் விடலையா? இஞ்சி தட்டிப் போட்டு எங்க அம்மாவ விட்டு ஒண்ணு காச்சித் தரச் சொல்றேன். குடி."

முத்துப்பேச்சி யாரோடும் பேசாமல் கடைசிப் படியில் உட்கார்ந்து குடத்தை விளக்கினாள். புளியும் மண்ணும் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் குடம் மின்னியது. மஞ்சள் கிழங்கை அவிழ்க்க மனம் வரவில்லை. அதை அவிழ்க்காமல் தேய்க்க வேண்டியிருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போனது.

அலசுவதற்காகத் தண்ணீருக்குள் சாய்த்தாள். கை நழுவியதா, நழுவ விட்டாளா, அது அவளுக்கே தெரியாது. குடம் ஒரு மிடறு தண்ணீர் குடித்தது, இன்னொரு மிடறு குடித்தது, போய்விட்டது.

"ஐயோ, குடம்!" என்றான் முனீர்.

முத்துப்பேச்சி கத்தவில்லை. குடம் போன இடத்தில் எழுந்த குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் இல்லாமல் எதைத் திருப்பிக் கொடுப்பார்கள்? அந்த நினைப்பில் அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சின்னக்கண்ணுவுக்கு எரிச்சல் பொங்கியது. இந்தக் குடம் இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். நாச்சிமுத்து மைத்துனனாக வந்து தினமும் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்தால், அதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் எப்படிச் சோறு தின்பது? தொடர்பு அறுந்தால்தான் அவனுக்கு நிம்மதி. சட்டையைக் கழற்றினான். குதித்தான்.

பழக்கம் பொல்லாதது. கேப்டன் தலை தண்ணீருக்குள் போனதும் முனீர் வாயைத் திறந்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

"மலமேல ஏறி மயிலப் பாத்தேன்,
மயிலு கேட்டுச்சு யாருடா யாரு?
கோட்டச் சுவத்துக் காளடா நானு,
தொட்டுப் போவேன் தடுத்துப் பாரு,
பாரு பாரு பாரு பாரு..."

அடியில் குடம் சேற்றுக்குள் புதைந்து, கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. தண்ணீருக்குள்ளும் அந்தப் பாட்டு மங்கலாகக் கேட்கும். சின்னக்கண்ணுவுக்கும் அது கேட்டது. கேட்டதும் அவன் உடம்பு பதினைந்து நாள் பொய்யை மறந்துவிட்டது. பாட்டு முடியாமல் தலையைத் தூக்கக்கூடாது. யார் போட்ட சட்டம்? அவன் போட்டது.

ஒரு பாட்டு முடிந்தது. முனீர் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கினான். முத்துப்பேச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

இரண்டாவது முடிந்தது. முனீரின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. ஆனாலும் பாடினான். இப்போது பாட்டை நிறுத்த அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது பாட்டு. 'கோட்டச் சுவத்துக் காளடா' வரைக்கும் வந்து முனீர் நிறுத்திவிட்டான். கிணற்றில் சத்தமே இல்லை.

பாட்டு நின்ற பிறகும், அது முடிய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்துத்தான் சின்னக்கண்ணு எழும்பினான். தலைக்கு மேலே குடத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. எழும்பியதும் வழக்கமாகக் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்தது.

"எம்புட்டுடா?"

அவன் முனீரின் முகத்தைப் பார்த்தான். பிறகு தங்கையின் முகத்தை.

அதற்கப்புறம்தான் இருமினான்.

முனீர் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். துவைத்து வைத்திருந்த துணியை எடுக்கவில்லை. படியேறிப் போனான்.

"டே முனீரு! எங்கடா போற? டேய்!"

முனீர் திரும்பவில்லை. கத்தரிச் செடிகளுக்கு நடுவே அவன் நடை ஓட்டமாக மாறுவது கிணற்றுக்குள் கேட்டது.

*

மகளும் மகனும் திரும்பாததால் தேடிக்கொண்டு கிணற்றடிக்கே வந்துவிட்டாள் சுப்புத்தாய். பரிசப் புடவையும் வெற்றிலைத் தட்டும் கையில் இருந்தன. மகனின் ஈரத் தலையைப் பார்த்து அலறினாள்.

"சளியோட கெணத்துல எறங்குவியாடா பாவி? அறிவிருக்கா?" முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். "நட, இப்பிடியே போயிக் குடுத்துட்டு வந்துருவோம். ஏளா, குடத்த ரொப்பிக்க."

"திருப்பிக் குடுக்கத்தான போறோம். ரொப்புவானேன்?"

"வெறுங்குடத்தோட ஒரு வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. அறுக்கறதுன்னாலும் முறையோட அறுக்கணும்."

சுப்புத்தாய் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள். கெட்ட காரியத்தைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்ற நடை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்துப்பேச்சி பின்னால். அவளுக்குப் பக்கத்தில் சின்னக்கண்ணு.

அம்மா காது எட்டாத தூரம் போனதும் முத்துப்பேச்சி கேட்டாள்.

"மூணு பாட்டு நிக்கிற நெஞ்சு, அன்னைக்கு அரைப் பாட்டுல ஏண்ணே அறுந்துச்சு?"

"அன்னைக்குச் சளி. இன்னைக்கு... கஷாயம் கேட்டிருக்கும்."

"இன்னைக்குக் காலையில கூட இருமுன."

அவன் வழியில் கிடந்த கல்லை எத்தினான்.

"மச்சானுக்கு இடது முட்டி பெசகுனது யாராருக்குத் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும். மச்சானுக்கு, ஒனக்கு, எனக்கு. உப்பு வறுத்து ஒத்தடம் குடுக்கத் துணி கேட்டு நீதான் எங்கிட்ட வந்த. அதுனால எனக்குத் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. மச்சான் சொல்லிக்கிட்டிருக்க மாட்டாரு." குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் பாவாடையில் வழிந்தது. "யாருண்ணே சொன்னா?"

சின்னக்கண்ணு முன்னால் போகும் தாயைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சீறினான்.

"இருந்தது ஒரே எடம்டி. அவன் வீட்டுல ரெண்டு வயிறு. தோட்டம் இருக்கு, அகரத்துல காணி இருக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? கட்டில்ல கெடக்குற அப்பன் இருக்காரு. காலை ஒடிப்பாங்கன்னு எனக்குத் தெரியுமா? பிடிப்பாங்க, ஆட்டம் போகும், மேனேஜருக்கு அவன் மேல இருக்குற ஆசை போகும், அம்புட்டுத்தான்னு நெனச்சேன்."

"மச்சான் ஆட்டத்துல இருந்தா நீதான பக்கத்துல நின்னு, 'விடாதடா, விடாதடா'ன்னு கத்துவ?"

சின்னக்கண்ணு நடையை எட்டிப் போட்டான். அவள் விடவில்லை.

"அன்னைக்கும் கத்துன. நான் பாத்தேன்."

பதில் இல்லாதவன் மிரட்டத்தானே செய்வான்.

"வாயத் தொறந்தேன்னு வையி, நாளைக்கு மில்லும் இல்ல, அடுப்பும் இல்ல. அம்மா நெஞ்சு வெடிச்சுச் செத்துருவா. யோசிச்சுக்க."

முத்துப்பேச்சி யோசித்தாள். தெருமுனை வரும் வரைக்கும் யோசித்தாள். அண்ணன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. அவள் வாயைத் திறந்தால் அப்பாவுக்கு மருந்து இல்லை, வீட்டில் கஞ்சி இல்லை. திறக்காவிட்டால், காலைக் கொடுத்தவனுக்குக் கல்யாணமும் இல்லை. ஏன் போயிற்று என்று கூடத் தெரியாமல் அவன் காலம் முழுக்கக் கிடப்பான்.

*

வாசலில் நிறைகுடத்தைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நெறகுடத்தோட வாரியா தாயி! வா வா. நேத்துத்தான் நெனச்சேன், முத்து வந்து நாளாச்சேன்னு. மதினி மேல கோவமோன்னு நெனச்சேன் சுப்பு. வா, உக்காரு. அடடே, மருமகனும் வந்திருக்காப்புல!"

'அறுக்க வந்திருக்கிறேன்' என்று சொல்ல வந்த சுப்புத்தாய்க்கு நாக்கு எழவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

உள்ளே நாச்சிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. நண்பனைப் பார்த்ததும் ஊன்றுகோலைத் தேடினான்.

"எந்திரிக்காத மச்சான்" என்றான் சின்னக்கண்ணு.

"நாளைக்கு மில்லுக்குப் போற மாப்ளைக்கு எந்திரிச்சு மரியாதை குடுக்க வேணாமா?" நாச்சிமுத்து சிரித்தான். "யாத்தா, அதக் கொண்டா."

பேச்சியம்மாள் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்தாள். புதுச் சட்டை. மடிப்புக் கலையவில்லை.

"இவன் மில்லுக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்னு தைக்கக் குடுத்தது" என்றாள். "தையக்காரர் முந்தாநாத்துத்தான் குடுத்தாரு. சும்மா பெட்டிக்குள்ள கெடந்து என்ன ஆகப் போவுது? நீங்க போட்டுக்கங்கன்னு இவன்தான் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே ஒடம்புதான?"

"வேணாம் அத்தை..."

"போடு மாப்ள" என்றான் நாச்சிமுத்து. "நான் உள்ள போகாட்டியும் என் சட்டையாச்சும் மில்லுக்குள்ள போகட்டும். நம்ம ஏழு பேருல ஒருத்தன் போறான். அது போதும் எனக்கு."

சின்னக்கண்ணு போட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வான்? சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. சுப்புத்தாய் முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு அழுதாள். மடியிலிருந்த தட்டு சரிந்து வெற்றிலை தரையில் கொட்டியது. அவள் எதற்காக அழுகிறாள் என்று பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்துப்பேச்சி மட்டும் குடத்தை இறக்காமல் நின்றாள்.

நாச்சிமுத்து பொத்தான் போடுகிற நண்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலையெல்லாம் ஈரமா இருக்கு. கெணத்துல எறங்குனியா? சளி இருக்கையில எதுக்கு மாப்ள எறங்குன?"

"குடம் விழுந்துருச்சு. எடுக்கப் போனேன்."

"முனீரு இருந்தானா? பாடுனானா?" ஆசையோடு கேட்டான். பதினைந்து நாளாய்க் கிணற்றைப் பார்க்காதவன். "எம்புட்டு நின்ன?"

"எங்க நிக்க? இந்த நெஞ்ச வச்சுக்கிட்டு... அரைப் பாட்டு."

"மூணு பாட்டு" என்றாள் முத்துப்பேச்சி.

சுப்புத்தாய் முந்தானையை விலக்கினாள். சின்னக்கண்ணு தங்கையைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கொலையும் இருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"முனீரு மூணாவது பாட்டப் பாதியில நிறுத்திட்டான். அதுக்கப்புறமும் இவரு உள்ளதான் இருந்தாரு. முழுசா நின்னுட்டுத்தான் வந்தாரு" என்றாள்.

நாச்சிமுத்து சிரிக்கத்தான் போனான். "அப்ப நெஞ்சு சரியாப்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

அவன் கை தானாகப் போய் இடது முழங்காலின் மேல் உட்கார்ந்தது.

பேசியபோது அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மில்லுக்காரப் பய எப்பவும் வலது காலத்தான் பிடிப்பான் மாப்ள. நாம எத்தனை ஆட்டம் பாத்திருக்கோம். அன்னைக்கு நேரா இடது முட்டிக்கு வந்தான். அவன் பின்னாடியே மூணு பேரும் அங்கதான் வந்தாங்க. இங்கன படுத்துக்கிட்டு இத்தன நாளா அதத்தான் யோசிச்சேன். நான் நொண்டிக் காமிச்சுட்டனோன்னு நெனச்சேன். தூக்கத்துல ஒளறிட்டனோன்னு கூட நெனச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஒன்ன மட்டும் நெனைக்கல."

"என்னடா சொல்றான் இவன்?" என்றாள் சுப்புத்தாய். "சின்னக்கண்ணு, என்னடா இது? என்ன சொல்றான்?"

தெருவில் செருப்பில்லாத கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஒருவன் அல்ல. முனீரின் குரல் எதையோ சொல்ல, இன்னும் நாலு குரல்கள் சேர்ந்துகொண்டன.

நாச்சிமுத்து வாசலைப் பார்க்கவில்லை. தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற நண்பனை மட்டும் பார்த்தான்.

"அவங்கெ வர்றதுக்குள்ள சொல்லு மாப்ள. நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்புறேன். அவங்கெ என்ன சொன்னாலும் நான் ஒன் பக்கம் பேசுறேன்."

சின்னக்கண்ணு வாயைத் திறந்தான்.

இருமல்தான் வந்தது. இந்த முறை அது நடிப்பா, நிஜமாகவே தொண்டை அடைத்ததா, அவனுக்கே தெரியாது. புதுச் சட்டையின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து இருமினான்.

பழக்கத்தில் சுப்புத்தாயின் கை நீண்டது. பாதி தூரத்தில் நின்றுபோனது.

முத்துப்பேச்சியின் இடுப்பில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. யாரும் மொண்டு கொடுக்கவில்லை.